மேனுமிஷன்: 'அடிமை விடுதலை' என்று எழுதினால் போதுமா?

அமெரிக்காவின் தொடக்ககால அரசியல்வாதி ஒருவரின் குடிவழியையும் அவர் வைத்திருந்த அடிமைகளின் கணக்கையும் தேடுகிறவர் கண்ணில் 'மேனுமிஷன்' என்ற சொல் சீக்கிரமே படும். அடிமையை உடைமையாக வைத்திருந்தவர், சட்டம் ஏற்கும் ஆவணம் ஒன்றின் வழியே, இன்னாரை விடுகிறேன் என்று தம் உரிமையைத் துறப்பதுதான் மேனுமிஷன். அரசு ஆணையிட்டு எல்லோரையும் விடுவித்தால் அது 'எமான்சிபேஷன்'. அடிமை முறையையே சட்டத்திலிருந்து நீக்கினால் 'அபாலிஷன்'. தமிழில் மூன்றையும் 'அடிமை விடுதலை' என்று எழுதிவிடுகிறோம். யார் விடுவித்தார், யாரை, எந்த நாளில் என்ற கேள்விகள் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் புதைந்துபோகின்றன.

லத்தீனில் 'மனுஸ்' என்றால் கை, 'மித்தெரே' என்றால் போகவிடுதல். ரோமச் சட்டத்தில் கை என்ற சொல் அதிகாரத்தையும் குறித்தது. நாம் 'கைவசம்', 'கைக்குள் வைத்திருந்தான்' என்பதைப் போல. அதிகாரி முன்னிலையில் கோலால் தொட்டு விடுவிப்பது, குடிக்கணக்கில் பெயரைப் பதிவது, உயிலில் எழுதிவைப்பது என அங்கே மூன்று முறைகள் இருந்தன. எமான்சிபேஷனுக்குள்ளும் அதே கைதான் இருக்கிறது. ஆனால் ரோமில் அது தந்தையின் அதிகாரத்திலிருந்து மகனை விடுவிப்பதற்கான சொல்.

சொல்லுக்குச் சொல் வைத்தால் தமிழில் 'கைவிடுதல்' வரும்; பொருளோ நேர்மாறாகிவிடும். 'விடுதலைப் பத்திரம்' பொருந்துமா? நம் சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தப் பெயர் குடும்பச் சொத்தில் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரத்துக்கு உரியது. செயலின் தன்மை ஒன்றுதான்: உரிமை உள்ளவர் உரிமையைத் துறக்கிறார். இருந்தாலும் வாசகர் மனத்தில் நிலமும் வீடும்தான் வந்து நிற்கும். ஆகவே மேனுமிஷனுக்கு 'அடிமை விடுவிப்பு', அதன் ஆவணத்துக்கு 'விடுவிப்புப் பத்திரம்', எமான்சிபேஷனுக்கு 'அடிமை விடுதலை', அபாலிஷனுக்கு 'அடிமை ஒழிப்பு' என்று பிரித்து எழுதுவதே சரி. 'விடுவிப்பு' பிறவினை, விடுவித்தவர் யார் என்ற கேள்வியை அதுவே எழுப்பிவிடும்.

அடிமை என்று நிறுவும் ஆவணத்துக்குத் தமிழில் 'ஆளோலை' என்ற பழஞ்சொல் உண்டு. தம் அடிமை என்று உரிமை கோரி முதியவராக வந்த சிவன் காட்டிய ஓலைகளில் சுந்தரர் கிழித்தது படியோலை, அதாவது நகல். திருவெண்ணெய்நல்லூர் அவையில் வழக்கைத் தீர்த்தது மூல ஓலை. அமெரிக்க ஆவணத் தேடலிலும் இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது. கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) நீதிமன்றப் பதிவேட்டில் இருப்பது எழுத்தர் எடுத்த படி. பெயரும் வயதும் படியெடுக்கையில் பிழையாகலாம். மூலம் கிடைத்தால் இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

வர்ஜீனியாவை எடுத்துக்கொள்வோம். 1723 சட்டத்தின்படி, சிறப்பான சேவை செய்தவர் என்று ஆளுநரும் அவையும் ஏற்றால்தான் ஒருவரை விடுவிக்க முடியும். 1782 சட்டம் இதைத் தளர்த்தியது: உயில் போதும், அல்லது இரண்டு சாட்சிகளைக் கொண்டு கவுண்டி நீதிமன்றத்தில் மெய்ப்பித்த பத்திரம் போதும். 45 வயதைக் கடந்தவர்களையும், 21 வயதாகாத ஆண்களையும், 18 வயதாகாத பெண்களையும் விடுவித்தால், அவர்களைப் பராமரிக்கும் பொறுப்பு விடுவித்தவருக்கே. 1806-இல் பிடி மீண்டும் இறுகியது. விடுவிக்கப்பட்டவர் 12 மாதத்துக்குள் மாநிலத்தை விட்டுப் போக வேண்டும். அதற்குப் பிறகு ஒருவரின் தடம் அந்தக் கவுண்டியில் சட்டென்று அறுந்தால் பக்கத்து மாநிலங்களின் ஏடுகளில் தேட வேண்டும்.

தேடலை மக்கள்தொகைக் கணக்கில் மட்டும் நிறுத்துவது பலர் செய்யும் தவறு. 1790 கணக்கில் அடிமைகளைப் பற்றி, வீட்டுத்தலைவர் பெயரின் கீழ் எண்ணிக்கை மட்டுமே உண்டு. வர்ஜீனியாவின் 1790 ஏடுகளோ தொலைந்தே போயின. 1850, 1860 அடிமை அட்டவணைகளிலும் உடைமையாளர் பெயரின் கீழ் வயது, பால், நிறம் என்றுதான் இருக்கும். அடிமைகளின் பெயர் மிக அரிது. வர்ஜீனியாவில் 1782 முதல் கிடைக்கும் சொத்துவரிப் பட்டியல்களைக் கொண்டு எண்ணிக்கையைப் பிடிக்கலாம். பெயர்களுக்கு உயில், இறந்தவரின் உடைமைப் பட்டியல், வாரிசுப் பிரிவினை, பத்திரப் பதிவேடு ஆகியவற்றைத் திறக்க வேண்டும். தேடுசொல்லிலும் கவனம் வேண்டும்: 1782 சட்டத்தின் தலைப்பில் 'மேனுமிஷன்' இருக்கிறது, உள்ளே 'எமான்சிபேட்' என்று வருகிறது. பத்திரங்களிலும் இரண்டும் கலந்தே வரும். ஒரு சொல்லை மட்டும் வைத்துத் தேடினால் பாதி நழுவிவிடும்.

விடுவிப்புப் பத்திரம் கிடைத்துவிட்டால் அதோடு நின்றுவிடவும் கூடாது. வர்ஜீனிய ஆளுநர் அவையில் இருந்த மூன்றாம் ராபர்ட் கார்ட்டர் 1791-இல் பதிவுசெய்த பத்திரத்தில் 450-க்கும் மேற்பட்டோர் பெயர் இருக்கிறது. ஆனால் அவர்கள் ஆண்டுதோறும் தொகுதி தொகுதியாகவே விடுவிக்கப்பட்டார்கள். பத்திரம் எழுதிய நாளும் ஒருவர் உண்மையில் வெளியேறிய நாளும் வெவ்வேறு.

ஜார்ஜ் வாஷிங்டன் விஷயத்தில் சிக்கல் குடிவழியிலேயே இருக்கிறது. 1799-இல் அவருடைய பண்ணையான மவுண்ட் வெர்னனில் இருந்த அடிமைகள் 317 பேர். அவர்களில் அவருடைய உடைமை 123 பேர்தான். 153 பேர் மனைவி மார்த்தாவின் முதல் கணவர் டேனியல் பார்க் கஸ்டிஸின் சொத்தைச் சேர்ந்தவர்கள். எஞ்சியோர் வாடகைக்கு அமர்த்தப்பட்டவர்கள். கஸ்டிஸ் 1757-இல் உயில் எழுதாமல் இறந்ததால், மார்த்தாவுக்குச் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு வாழ்நாள் அனுபவமாக மட்டும் கிடைத்தது. இதை ஆங்கிலத்தில் 'டவர்' என்பார்கள். 'சீதனம்' என்று பெயர்த்தால் தவறு, 'கைம்பெண் வாழ்நாள் பங்கு' என்பதே பொருந்தும். அந்தப் பங்கில் இருந்தவர்களை விடுவிக்க வாஷிங்டனுக்கும் உரிமை இல்லை, மார்த்தாவுக்கும் இல்லை.

தம்முடைய 123 பேரில் வில்லியம் லீ ஒருவரை மட்டும் உடனே விடுவித்து, மற்றவர்களை மார்த்தாவின் இறப்புக்குப் பின் விடுவிக்கும்படி உயில் எழுதினார் வாஷிங்டன். மார்த்தா காத்திருக்கவில்லை, 1800 டிசம்பரில் அவர் கையெழுத்திட்ட பத்திரத்தால் 1801 ஜனவரி 1-இல் அவர்கள் வெளியேறினார்கள். 153 பேர் 1802-இல் அவர் இறந்ததும் கஸ்டிஸின் பேரப்பிள்ளைகள் நால்வருக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டார்கள். இரு தரப்புக்கும் இடையே திருமணங்கள் நடந்திருந்தன. கணவன் வாஷிங்டனின் 123 பேரிலும் மனைவி கஸ்டிஸ் சொத்தின் 153 பேரிலும் இருந்தால், பிள்ளைகள் தாயின் நிலையையே அடைந்தார்கள். அவர்களைத் தேட வாஷிங்டனின் தாள்கள் உதவா. அந்த நான்கு பேரப்பிள்ளைகளின் ஏடுகளைத்தான் திறக்க வேண்டும்.