கேரவன் தளத்துக்குக் கூடுதல் கட்டணம்: எதற்குக் கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்?

குற்றாலச் சாரலுக்கும் பாபநாசத்துக்கும் கேரவனில் வருகிற குடும்பங்களுக்கு இரவு தங்க இடம் கொடுக்கும் தோப்புகளும் பண்ணை விடுதிகளும் பெரும்பாலும் இரண்டு கட்டணம் சொல்கின்றன. ஒன்று, வண்டியை நிறுத்த வெறும் இடத்துக்கு. இன்னொன்று, மின் இணைப்பு, தண்ணீர்க் குழாய், கழிவுநீர் வடிகால் மூன்றும் வண்டிக்குப் பக்கத்திலேயே அமைந்த தளத்துக்கு. "அந்தக் கூடுதல் பணம் கொடுக்கத்தான் வேண்டுமா, அண்ணாச்சி?" என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள். திருநெல்வேலி, தென்காசி வட்டாரத்தில் இத்தகைய தளங்களுக்கு வயரிங் செய்து கொடுப்பவன் என்ற முறையில் என் பதில் இது: மின்சாரத்துக்குக் கொடுங்கள், ஆனால் எர்த்தை (கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிடும் இணைப்பை) சோதித்துவிட்டுக் கொடுங்கள். வடிகாலுக்கு, அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். குழாய்க்குக் கொடுக்க வேண்டாம்.

கேரவன் பழக்கம் வேரூன்றிய பிரிட்டனில் இந்தக் கணக்கு வேறு மாதிரி. அங்கே சாதாரணத் தளங்களிலேயே 10 அல்லது 16 ஆம்பியர் மின் இணைப்பு பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது. கூடுதல் கட்டணம் குழாய்க்கும் வடிகாலுக்கும்தான். 40 லிட்டர் தண்ணீர் உருளையை உருட்டிக்கொண்டு மழையிலும் குளிரிலும் பொதுக் குழாய்க்கு நடக்க வேண்டாம் என்பதே அவர்களுக்கு லாபம். அதை இணையத்தில் படித்துவிட்டு, இங்கேயும் குழாய்தான் முக்கியம் என்று நினைப்பவர்கள் உண்டு. நம் ஊரில் உயிரோடு தொடர்புடையது மின்சாரம்.

சித்திரை வெயிலில் அம்பாசமுத்திரத்திலோ வள்ளியூரிலோ ஏ.சி. இல்லாமல் மூடிய வண்டிக்குள் குழந்தைகளும் முதியவர்களும் தூங்க முடியாது. ஒன்றரை டன் ஏ.சி. மணிக்கு ஏறத்தாழ ஒன்றரை யூனிட் இழுக்கும். 12 வோல்ட், 200 ஆம்பியர் மணி பேட்டரியில் இருப்பது மொத்தமே 2.4 யூனிட். முழுவதையும் காலி செய்தாலும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடாது. வெறும் இடத்தில் நிறுத்தியவர் நள்ளிரவில் என்ன செய்வார்? ஜெனரேட்டரைப் போடுவார்.

அதுதான் எனக்குப் பெரிய அச்சம். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வெளியான கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் புகுந்ததுதான் காரணம் என்று பின்னர் ஆய்வில் தெரிந்தது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் விழித்துக்கொள்ளவும் விடாது. ஜெனரேட்டரை ஓடவிட்டு, கதவையும் சன்னலையும் அடைத்து, ஏ.சி.யில் தூங்குவதைவிட ஆபத்தான ஏற்பாடு கேரவனில் வேறு இல்லை. இதை மிரட்டலுக்காகச் சொல்லவில்லை. தளத்தில் மின் இணைப்பு எடுத்துக்கொண்டால் ஜெனரேட்டருக்கு வேலையே இல்லை. மாசி முடிந்து ஆனி வரைக்கும் இங்கே வருகிறவர்கள் இந்தக் கட்டணத்தில் பேரம் பேசி மிச்சம் பிடிக்க வேண்டாம்.

ஆனால் தளத்தில் மின் இணைப்புக்காக நட்ட கம்பத்தில் ஒரு பிளக் இருப்பதாலேயே அது பாதுகாப்பான இணைப்பு ஆகிவிடாது.

கேரவன் ரப்பர் டயரின் மேல் நிற்கும் இரும்புச் சட்டம். உள்ளே எங்காவது வயர் உரசி மின்சாரம் கசிந்தால், வண்டியின் உடம்பு முழுவதும் மின்சாரம் ஏறி நிற்கும். டயர் இருப்பதால் அது தரைக்கு இறங்காது. சாரல் நனைத்த மண்ணில் வெறுங்காலோடு நின்றுகொண்டு கதவுக் கைப்பிடியைப் பிடிக்கிறவர் வழியாகத்தான் இறங்கும். அதற்கு முன்னால் அதை இறக்கிவிட வேண்டியது எர்த்.

நம் பகுதியில் எர்த் எளிதாக அமைவதில்லை. பொதிகை மலையடிவாரத்தில் கொஞ்சம் தோண்டினாலே பாறை. தெற்கே ராதாபுரம் பக்கம் வறண்ட மண். கோடையில் எர்த் கம்பி புதைத்த குழி காய்ந்துவிட்டால் அதன் தடை ஏறி, மின்சாரம் மண்ணுக்குள் எளிதில் இறங்காது. ஒரு தளத்தின் எர்த் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கசிவு ஏற்படும்போது 230 வோல்ட்டில் அதன் வழியாக ஓடுவது அதிகபட்சம் 11.5 ஆம்பியர். கம்பத்தில் இருக்கும் 16 ஆம்பியர் எம்.சி.பி. (அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் தானாக அணையும் சுவிட்ச்) அதற்கு விழவே விழாது, அதாவது அணையாது. எர்த் போட்டிருந்தும், எம்.சி.பி. இருந்தும், வண்டி மின்சாரத்தோடு நின்றுகொண்டே இருக்கும். அதனால்தான் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவைக் கண்டுபிடித்து இணைப்பைத் துண்டிக்கும் கருவி) கட்டாயம் வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்கிறேன். எர்த் சுமாராக இருந்தாலும், மிகச் சிறிய கசிவுக்கே அது இணைப்பைத் துண்டித்துவிடும். வண்டிக்குள் ஒன்று இருக்கிறது என்பது போதாது. கம்பத்திலிருந்து வண்டிவரை தரையில் கிடக்கும் கேபிளைக் காப்பாற்றுவது கம்பத்தில் இருக்கும் ஆர்.சி.சி.பி. மட்டும்தான்.

தோப்புக்காரர்களிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்கும் பதில் ஒன்று உண்டு: "அண்ணாச்சி, அது மழை வந்தாலே விழுந்துகொண்டிருந்தது. வருகிறவர்கள் சத்தம் போடுகிறார்கள். அதனால் எடுத்துவிட்டு நேராகக் கொடுத்துவிட்டோம்." அது விழுந்ததற்குக் காரணம் எங்கோ கசிவு இருந்ததுதான். கருவி சரியாகவே வேலை செய்தது. கசிவைத் தேடாமல் கருவியைக் கழற்றிவிட்டால், அடுத்த முறை விழப்போவது மனிதர். ஐயா, அம்மா, தளம் நடத்துகிற எல்லோரையும் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்: அது விழுந்தால் ஆளைக் கூப்பிடுங்கள், கழற்றாதீர்கள். எர்த் குழிக்குக் கோடையில் வாரம் ஒரு முறையாவது தண்ணீர் ஊற்றுங்கள்.

வண்டியில் வருகிறவர்கள் செய்யக்கூடிய சோதனை எளிது. மூன்று விளக்குள்ள சாக்கெட் டெஸ்டர் எலக்ட்ரிக் கடைகளில் கிடைக்கும். பிளக்கில் செருகினால் எர்த் இல்லையா, பேஸும் (மின்சாரம் வரும் கம்பி) நியூட்ரலும் (திரும்பும் கம்பி) மாறியிருக்கிறதா என்று காட்டிவிடும். ஆனால் எர்த் மோசமாக இருந்தாலும் அதன் விளக்கு எரியும் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். கம்பத்துப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, ஆர்.சி.சி.பி.யில் 'டி' (T) என்று போட்ட பொத்தானை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழவில்லை என்றாலோ, அப்படி ஒன்று பெட்டியிலேயே இல்லை என்றாலோ, இணைக்காதீர்கள். கூடுதல் கட்டணத்தையும் கொடுக்காதீர்கள். இணைக்கும்போது கம்பத்துச் சுவிட்சை அணைத்து, முதலில் வண்டிப் பக்கம் செருகி, பிறகு கம்பத்தில் செருகுங்கள். கழற்றும்போது இதற்குத் தலைகீழ். கேபிள் 2.5 சதுர மில்லிமீட்டர் இருக்கட்டும். மிச்சத்தைச் சுருட்டியபடியே விடாமல் முழுவதும் பிரித்துப் போடுங்கள்; சுருளுக்குள் சூடேறி உறை உருகிவிடும்.

எத்தனை ஆம்பியர் என்றும் கேளுங்கள். 16 ஆம்பியர் என்றால் சுமார் 3,680 வாட். ஏ.சி.யும் கீசரும் ஒன்றாக ஓடினாலே அந்த எல்லையைத் தொட்டுவிடும், இண்டக்ஷன் அடுப்புக்கு இடமிருக்காது. வீட்டுச் சுவிட்ச் போர்டிலிருந்து நீட்டிய 6 ஆம்பியர் பிளக்கைக் காட்டி முழு வசதித் தளம் என்று சொன்னால் மறுத்துவிடுங்கள். 1,380 வாட்டில் அந்த ஏ.சி.யே ஓடாது. பம்பு செட்டுக்குக் கொடுத்த இலவச விவசாய இணைப்பிலிருந்து தங்குகிறவர்களுக்கு மின்சாரம் கொடுப்பது சட்டப்படி குற்றம் என்பதையும் தளம் நடத்துகிறவர்கள் மறக்க வேண்டாம்.

வடிகாலுக்கு வருகிறேன். ஓர் இரவு மட்டும் தங்கி மறுநாள் கன்னியாகுமரிக்குப் போகிறவருக்கு அது தேவையில்லை; வண்டியின் கழிவுநீர்த் தொட்டியிலேயே தேக்கிவைத்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று நாள் குடும்பத்தோடு தங்கினால் குளிக்கிற, கழுவுகிற தண்ணீரில் தொட்டி நிறைந்துவிடும், அப்போது வடிகால் உண்மையிலேயே உதவும். ஆனால் நம் ஊரில் ஒரு வாளித் தண்ணீரை அதில் ஊற்றிவிட்டுக் கொஞ்ச தூரம் பின்னாலேயே நடந்து பாருங்கள். குழாய் உறிஞ்சு குழிக்கோ, எண்ணெய்ப் பிசுக்கை வடிகட்டிய பிறகு வாழைப் பாத்திக்கோ போனால் நல்லது. வரப்பைத் தாண்டிக் கால்வாயில் விழுந்தால் அந்தப் பணம் தாமிரபரணியைக் கெடுக்கக் கொடுக்கிற பணம். கன்னடியன் கால்வாயிலும் பாளையங்கால்வாயிலும் துணி துவைக்கிறவர்களும் குளிக்கிறவர்களும் இருக்கிறார்கள். இந்த ஆற்றுத் தண்ணீரைத்தான் தூத்துக்குடி வரைக்கும் குடிக்கிறோம்.

வண்டிக்குள் கழிப்பறைக் கழிவு சேரும் பெட்டிக்குக் கதையே வேறு. அதை இந்த வடிகாலில் ஊற்றக்கூடாது. பிரிட்டனிலும் பல தளங்களில் அதற்குத் தனி இடம் உண்டு. இங்கே செப்டிக் டேங்க் உள்ள கழிப்பறையில் ஊற்ற அனுமதி கேளுங்கள். பெட்டியில் போடும் மருந்து ஃபார்மால்டிஹைடு கலந்ததாக இருந்தால் அது செப்டிக் டேங்கின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். அது கலக்காததை வாங்குங்கள்.

குழாயைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வண்டியின் 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை ஒரு நீளமான ஹோஸால் வந்தவுடன் நிரப்பிக்கொண்டால், சிக்கனமாக இருக்கிற நால்வருக்கு ஒரு நாள் ஓடும். ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் ஆழ்குழாய்த் தண்ணீர் பல இடங்களில் உப்பு. கீசர் கம்பியில் படிந்து அதைக் கெடுத்துவிடும். அங்கே குழாய் பக்கத்தில் இருப்பதால் லாபமில்லை, குடிக்கக் கேன் தண்ணீர்தான் வாங்க வேண்டியிருக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் வருகிறவர்கள் இன்னொன்றுக்குப் பணம் கொடுக்கலாம்: ஜல்லி பரப்பி இறுக்கிய தரைக்கு. சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலில் ஒரு மழை பெய்தால் போதும், கனமான வண்டி அச்சுவரை இறங்கிவிடும். டிராக்டர் வைத்து இழுப்பதற்குள் பாதி நாள் போய்விடும். ஆற்றுப் படுகைத் தோப்பில் எவ்வளவு அழகான இடத்தைக் காட்டினாலும் மழைக்காலம் முடியும்வரை அங்கே இரவு தங்க வேண்டாம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி எவ்வளவு விரைவாக ஏறியது என்பதைக் கரையோரத்தில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். மேட்டில் இடம் கேளுங்கள். கம்பத்துப் பெட்டியும் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குக் குறையாமல், மழைநீர் புகாத மூடியோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.