மாமாவோட போன்ல ஏஐ நம்ம பேச்சு பேசினது எப்படி

கோத்தகிரி பக்கம் எங்க மாமாவுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கு. எங்க பக்கம் தென்மேற்கை விட வடகிழக்கு பருவமழை தான் ஜாஸ்தி, போன நவம்பர்ல ரெண்டு வாரம் வெயிலே எட்டிப் பாக்கல, ஒரே மிஸ்ட்டு, கொழுந்துல கொப்புளம் விழ ஆரம்பிச்சிருச்சு. எலை மேல பாத்தா சின்னக் குழி, திருப்பினா அடியில வெள்ளையா உப்பி நிக்கும். மாமா போன்ல ஏஐ கிட்ட கேட்டாரு, அது "தாங்கள் குறிப்பிட்டுள்ள அறிகுறிகளின்படி"ன்னு தொடங்கி 12 பாயிண்ட் போட்டுச்சு. ரெண்டாவது பாயிண்ட்லயே "ரேடியோ செய்தி மாதிரி வாசிக்குதுப்பா"ன்னு போனை என் கைல குடுத்துட்டாரு.

நான் செட்டிங்ஸ்ல போய் இதை எழுதினேன்: "தோட்டக்காரர் கிட்ட பேசற மாதிரி பேச்சுத் தமிழ்ல சொல்லு, வாங்க போங்கன்னு மரியாதையா. நாலு வரி போதும்." திரும்ப கேட்டதும் "எலைய திருப்பிப் பாருங்க, அடியில வெள்ளையா உப்பியிருந்தா கொப்புள நோய் தான். பாதிச்ச கொழுந்தை விடாம பறிச்சிடுங்க, பறிக்கிற இடைவெளிய குறைங்க"ன்னு வந்துச்சு.

மாமா அது நம்ம பேச்சை கத்துக்கிச்சுன்னு நெனச்சாரு. அது புதுசா எதையும் கத்துக்கல. ஏராளமான எழுத்தைக் காட்டிப் பழக்கறத ட்ரெய்னிங்னு சொல்லுவாங்க, அது முடிஞ்சப்பவே மாடலுக்குள்ள, அதாவது பதில் எழுதற அந்த ஏஐக்குள்ள இருக்கற கோடிக்கணக்கான எண்கள் செட் ஆயிடுது, நாம செட்டிங்ஸ்ல என்ன எழுதினாலும் அதுல ஒண்ணு கூட மாறாது. நாம எழுதின அந்த ரெண்டு வரிய ஆப் ஒவ்வொரு கேள்விக்கும் முன்னாடி சத்தமில்லாம ஒட்டி அனுப்புது, மாடல் ஒவ்வொரு தடவையும் மேலருந்து மொத்தத்தையும் படிச்சு, அடுத்து எந்த சொல்துண்டு வர வாய்ப்பு ஜாஸ்தின்னு கணக்கு போட்டு ஒவ்வொண்ணா எழுதுது. அந்த துண்டுக்குப் பேரு டோக்கன். எழுதும்போது முன்னாடி இருக்கற எந்த வார்த்தைய எவ்வளவு கவனிக்கணும்னு எடை போடற அட்டென்ஷன்ங்கற முறைய மையமா வச்சு தான் 2017ல டிரான்ஸ்ஃபார்மர்னு ஒரு அமைப்பு வந்துச்சு, இன்னிக்கு இருக்கற பெரிய மாடல்கள்ல பெரும்பாலானது அதுல கட்டினது.

தமிழ்ல இது கண்ணுக்கு நல்லாவே தெரியும். முதல் வார்த்தை "தாங்கள்"னு விழுந்துட்டா அதுக்கப்புறம் "காணவும், அகற்றவும்" தான் பொருந்தும், "நீங்க"ன்னு விழுந்தா "பாருங்க, எடுத்துடுங்க"ன்னு தானா இழுத்துட்டு வந்துடும். அதனால "எளிமையா பேசு"ன்னு சொல்றத விட, நமக்கு வேண்டிய மாதிரி ஒரு கேள்வி பதில எழுதிக் காட்டுறது ரொம்ப நல்லா வேலை செய்யும். அரட்டை ரொம்ப நீண்டா மேல இருக்கற அந்த ரெண்டு வரியோட பிடி தளர்ந்துடும், அப்ப திரும்ப ஒரு தடவை சொல்லிடுங்க.

நாம எதுவும் சொல்லாதப்பவும் அதுக்கு ஒரு பணிவான குணம் இருக்குல்ல, அது ட்ரெய்னிங்ல வந்தது. ரெண்டு பதில மனுஷங்க கிட்ட காட்டி எது பிடிச்சிருக்குன்னு கேட்டு, பிடிச்ச பக்கமா மாடல திருப்புவாங்க. நமக்கு ஒத்து ஊதறவங்கள பிடிக்கும்ங்கறதால அந்த வழியில முகஸ்துதியும் உள்ள வந்துடுது. 2025 ஏப்ரல்ல சாட்ஜிபிடிய உருவாக்கின ஓப்பன்ஏஐ கம்பெனி தன்னோட ஜிபிடி-4ஓ மாடலுக்கு விட்ட ஒரு அப்டேட், எதுக்கெடுத்தாலும் ஆமாம் போடுதுன்னு ஆகி, சில நாள்லயே அதை வாபஸ் வாங்கினாங்க.

எனக்கே இது நடந்துச்சு. மாமாவுக்கு மனசு விட்டுப் போகக் கூடாதுன்னு "எப்பவும் ஊக்கம் குடுத்துப் பேசு"ன்னு ஒரு வரி சேத்திருந்தேன். அவர் "அடுத்த மாசம் மருந்து அடிச்சா போதும்ல?"ன்னு கேட்டாரு, "நல்ல யோசனைங்க, அவசரமே இல்ல"ன்னு சொல்லிடுச்சு. எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு, ஏன்னா இந்த மாதிரி ஈரத்துல மூணு நாலு வாரத்துக்குள்ள கொப்புள நோய உண்டாக்கற பூஞ்சை ஒரு சுத்து முடிச்சு அடுத்த கொழுந்துக்கு ஏறிடும். தொனிக்குன்னு நாம எழுதற வரி பதிலோட உள்ளடக்கத்தையும் இழுக்குது, ஏன்னா அதுக்கு ரெண்டும் ஒரே டோக்கன் வரிசை தான்.

அந்த வரிய அழிச்சுட்டு "நான் நெனச்சது தப்புன்னா முதல் வரியிலயே சொல்லு, தெரியலன்னா தெரியலன்னு சொல்லு"ன்னு போட்டேன். அதே கேள்விக்கு "ஒரு மாசம் காத்திருக்காதீங்க, பரவிடும்"னு முதல் வரியிலயே வந்துச்சு. மருந்து அளவ மட்டும் மாமா குன்னூர்ல இருக்கற தென்னிந்தியத் தோட்டக்காரர் சங்கமான உபாசில நேர்ல கேட்டுக்கிட்டு, மிஸ்ட்டு விலகின அன்னிக்கு ஸ்பிரேயர தோள்ல மாட்டிட்டு தோட்டத்துக்கு எறங்கிட்டாரு.