காசு கொடுத்த இருக்கை, கணக்கில் ஏறாத பாயிண்ட்

மதுரையிலிருந்து சென்னைக்கு விமான டிக்கெட் எடுத்து வைத்துவிட்டு, கடைசியில் தேஜஸ் ரயிலில் ஏறிப் போனவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். நிச்சயதார்த்தத் தேதி தள்ளிப்போகிறது, கோர்ட் வாய்தா மாறுகிறது, விளக்குத்தூண் ஜவுளிக்கடைக்காரருக்குச் சரக்கு ஒரு நாள் தாமதமாக வந்து சேர்கிறது. மலிவு விலை டிக்கெட் என்றால் ரத்து செய்தாலும் பெரிதாக ஒன்றும் திரும்பாது. சரி, பணம்தான் போயிற்று, அடிக்கடி பறப்பவர்களுக்கு விமான நிறுவனம் தரும் பாயிண்ட்டாவது ஏறட்டும் என்று உறுப்பினர் கணக்கைத் திறந்தால் அங்கேயும் பூஜ்யம்.

விமான நிறுவனத்துக்குப் பணம் கிடைத்துவிட்டது. சுமக்க ஓர் ஆளும் ஒரு பெட்டியும் குறைந்ததால் எரிபொருளும் கொஞ்சம் மிச்சம். வந்து பறந்தவரைவிட வராதவர்தானே அவர்களுக்கு நல்ல வாடிக்கையாளர்? நியாயமான கேள்விதான். ஆனால் கல்யாண வீட்டில் மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பியவரின் பெயர் மொய் நோட்டில் இருக்கும். சமையல்காரர் எண்ணும் இலைக்கணக்கில் இருக்காது. விமான நிறுவனத்திடமும் இப்படி இரண்டு கணக்குகள் இருக்கின்றன. பாயிண்ட் இரண்டாவது கணக்கைப் பார்த்துத்தான் போடப்படுகிறது. அந்தக் கணக்கின் அலகுக்குக் கூப்பன் என்று பெயர்.

காகித டிக்கெட் காலத்தில் டிக்கெட் ஒரு சிறு புத்தகம்போல இருந்தது. பயணத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தாள், அதுவே கூப்பன். விமான நிலையத்தில் ஊழியர் அதைக் கிழித்து எடுத்துக்கொள்வார். கிழித்த தாளுக்குப் பண மதிப்பு உண்டு. ஒரு நிறுவனம் விற்ற டிக்கெட்டில் இன்னொரு நிறுவனம் பயணியை ஏற்றிச் சென்றால், அந்தத் தாளைக் காட்டித்தான் தன் பங்கைக் கேட்க முடியும். இந்தக் கொடுக்கல் வாங்கலைத் தீர்ப்பதற்காகச் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா 1947இலேயே ஒரு தீர்வகத்தைத் தொடங்கியது. 2008 ஜூன் 1 முதல் ஐயாட்டா உறுப்பினர்கள் மின் டிக்கெட்டுக்கு மாறினார்கள். தாள் போயிற்று, கூப்பன் போகவில்லை. இன்று மின்னஞ்சலில் வரும் 13 இலக்க டிக்கெட் எண்ணுக்குப் பின்னால் அதிகபட்சம் நான்கு கூப்பன்கள் கணினி வரிகளாக உட்கார்ந்திருக்கின்றன. அந்த எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் விற்ற நிறுவனத்தைக் காட்டும்: 098 என்றால் ஏர் இந்தியா, 603 என்றால் ஸ்ரீலங்கன், 618 என்றால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். பல குறைந்த கட்டண நிறுவனங்கள் இந்த எண்ணே இல்லாமல் பிஎன்ஆர் ஒன்றை வைத்தே வேலையை முடித்துவிடுகின்றன. ஆனால் அங்கும் பயணத்துண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலைக்குறிப்பு உண்டு.

அந்த நிலைக்குறிப்பில்தான் விஷயமே இருக்கிறது. டிக்கெட் வாங்கியதும் கூப்பன் 'பயன்படுத்தத் தயார்' என்று இருக்கும். செக்-இன் செய்ததும் 'செக்-இன் ஆனது'. வாயிலைத் தாண்டியதும் 'ஏறியாயிற்று'. விமானம் கிளம்பிக் கணக்கு முடிந்ததும் 'பறந்தது'. பாயிண்ட் சர்வர் காத்திருப்பது இந்தக் கடைசிச் சொல்லுக்காக. வீட்டிலிருந்தே செல்போனில் செக்-இன் செய்து போர்டிங் பாஸையும் பத்திரமாக வைத்திருந்தால் பிறகு விட்டுப்போன பாயிண்ட் என்று கேட்டு வாங்கிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். வாயிலில் ஏறாதவரின் கூப்பன் 'செக்-இன் ஆனது' என்பதிலிருந்து பின்னோக்கி, பழைய நிலைக்கே திருப்பப்படும். போர்டிங் பாஸ் ஏறுவதற்கான சீட்டு. ஏறியதற்குச் சாட்சி அல்ல.

அந்தப் போர்டிங் பாஸில் நீளமாக அச்சாகும் பட்டைக் குறியீட்டைப் பாருங்கள். பெயர், பிஎன்ஆர், புறப்படும் ஊர், சேரும் ஊர், விமான எண், இருக்கை எல்லாம் அதற்குள் இருக்கின்றன. ஊர்கள் மூன்றெழுத்துக் குறியீடாக இருக்கும்; மதுரை அதில் ஐஎக்ஸ்எம். தேதி மாதக் கணக்கில் இருக்காது, ஆண்டின் எத்தனையாவது நாள் என்றுதான் பதிவாகும்: பிப்ரவரி 1 என்றால் 032. விருப்பமிருந்தால் உறுப்பினர் எண்ணையும் சேர்க்க இடம் உண்டு. வாயிலில் அதன்மேல் ஒளி படும் கணத்தில் அந்தப் பயணி உள்ளே போனார் என்று பதிவாகிறது. கதவு மூடியபின் புறப்பாட்டுக் கணினி ஓர் இறுதிப் பட்டியலை அனுப்பும். முன்பதிவு செய்துவிட்டு வராதவர்கள் அதில் 'நோ ஷோ' என்று தனியாக நிற்பார்கள்.

இத்தனை கறாராக ஆள் எண்ணுவது பாயிண்ட்டுக்காக அல்ல. 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்துக்கு அருகே வெடித்துச் சிதறியது. விமானத்தில் இருந்த 329 பேரும் இறந்தனர். குண்டு இருந்த பெட்டியை வான்கூவரில் ஒருவர் செக்-இன் செய்திருந்தார்; அவர் விமானத்தில் ஏறவே இல்லை. பயணி இல்லாத பெட்டியைச் சும்மா ஏற்றிச் செல்லக்கூடாது என்ற விதி அதன் பிறகு உலகளவில் இறுகியது. கடைசி நேரத்தில் ஒருவர் வராவிட்டால் அவர் பெட்டியைத் தேடி இறக்கிவிட்டுத்தான் விமானம் நகரும்.

இனி பணக்கணக்கு. நீங்கள் கட்டிய தொகை அன்றே நிறுவனத்தின் வருமானமாகிவிடாது. பறக்கவைக்கும் வரை அது கடன். பாயிண்ட்டும் ஒரு கடன்தான், பிற்காலத்தில் ஓர் இருக்கை தருவதாகச் சொன்ன வாக்கு. இந்தியாவில் 2018 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள இந்த் ஏஎஸ் 115 கணக்கியல் தரத்தின்படி, வாங்கிய கட்டணத்தைப் பயணத்துக்கும் பாயிண்ட்டுக்கும் விகிதப்படி பிரிக்க வேண்டும். 5,000 ரூபாய் டிக்கெட்டுடன் 200 ரூபாய் மதிப்புள்ள பாயிண்ட் வருகிறது என்று வையுங்கள். 5,000ஐ 5,200ஆல் வகுத்து 200ஆல் பெருக்கினால் சுமார் 192 ரூபாய். அவ்வளவு பாயிண்ட் பக்கம் ஒதுங்கும், 4,808 மட்டும் பயணத்தின் வருமானம். நீங்கள் வராமல் போனால் வரி நீங்கலான தொகையில் திருப்பித் தர வேண்டாததெல்லாம் வருமானத்தில் சேரும், வாக்கு எதுவும் பாக்கி இருக்காது. நிறுவனத்துக்கு இது சௌகரியமான ஏற்பாடு என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் சௌகரியம் மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் பாயிண்ட் திட்டத்தைத் தொடங்கியபோது பறந்த மைலுக்குத்தான் பாயிண்ட். டெல்டா 2015இல் செலவிட்ட பணத்துக்குப் பாயிண்ட் என்று மாறியது. ஏர் இந்தியா 2024இல் மாறியது. அளவுகோல் பணமான பிறகும் 'பறந்திருக்க வேண்டும்' என்ற நிபந்தனையை அவர்கள் விடவில்லை. விட்டால், ஆண்டு முடிவில் தங்க அட்டை என்ற உயர்நிலை உறுப்பினர் தகுதிக்குக் கொஞ்சம் பாயிண்ட் குறைகிறவர் மலிவு டிக்கெட்டுகளை வாங்கிப் போட்டுவிட்டு வீட்டில் இருப்பார். வராதவர்கள் எத்தனை பேர் என்ற நிறுவனத்தின் ஊகம் அங்கே குலையும். அந்த ஊகத்தை நம்பித்தான் இருக்கைக்கு மேல் விற்கிறார்கள். 78 இருக்கை கொண்ட ஏடிஆர் விமானத்துக்கு 80 டிக்கெட் விற்று, ஒவ்வொருவரும் வர 95 சதவீத வாய்ப்பு என்று வைத்தால், சராசரியாக வருபவர்கள் 76 பேர். 79 அல்லது 80 பேரும் வந்து நிற்கும் வாய்ப்பு சுமார் 8.6 சதவீதம். வராமல் இருப்பதற்குப் பரிசு கொடுத்தால் இந்தக் கணக்கு நிற்காது.

கூப்பனுக்கு வரிசையும் உண்டு. பாயிண்ட்டைவிட இதில்தான் நம் ஊர்க்காரர்கள் அதிகம் அடிபடுகிறார்கள். மதுரை–சென்னை–சிங்கப்பூர் என்று போகவரச் சேர்த்து ஒரே டிக்கெட் என்றால் நான்கு கூப்பன்கள். சென்னையில் மகள் வீட்டில் இரண்டு நாள் தங்கலாம் என்று பாண்டியன் எக்ஸ்பிரஸில் முன்கூட்டியே போய்விட்டு, அங்கிருந்து விமானம் ஏறிக்கொள்ளலாம் என்று திட்டம் போடுவார்கள். முதல் கூப்பனில் நோ ஷோ விழுந்ததும் மீதி மூன்றும் ரத்தாகிவிடும். போகும் வழியைத் தொடக்கத்திலேயே மாற்றிக் கேட்டால் கட்டணம் மாறலாம், ஆனால் டிக்கெட் பிழைக்கும். கடைசிக் கூப்பனை விட்டுவிட்டுச் சென்னையிலேயே இறங்கிக்கொண்டால் முன்னவை மூன்றும் பறந்தவையே. பல திட்டங்களில் மொத்தக் கட்டணத்தைத் தூரம் முதலியவற்றை வைத்துக் கூப்பன் வாரியாகப் பிரித்து, பறந்த பங்குக்கு மட்டும் பாயிண்ட் போடுவார்கள். சென்னை–மதுரை 400 கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம்; பங்கு சிறியது, இழப்பும் சிறியது.

நிறுவனமே விமானத்தை ரத்து செய்து உங்களை வேறு நிறுவனத்தின் விமானத்தில் ஏற்றிவிட்டால் கதை வேறு. முதலில் வாங்கிய வழியில் பறந்ததாகவே கருதிப் பாயிண்ட் தரும் வழக்கம் பல திட்டங்களில் உண்டு. ஆனால் கூப்பன் 'மாற்றப்பட்டது' என்று நிற்பதால் அது தானாக ஏறாது. பழைய டிக்கெட் எண்ணோடு எழுதிக் கேட்க வேண்டும். கடன் அட்டையில் பணம் கட்டியிருந்தால் அட்டையின் பாயிண்ட் தனி. அட்டை தந்த வங்கிக்கு நீங்கள் பறந்தீர்களா என்பதில் அக்கறை இல்லை, பணம் திரும்பிவிட்டால் மட்டும் பாயிண்ட்டையும் திருப்பி எடுத்துக்கொள்ளும்.

பாயிண்ட்டைத் தேடும் அவசரத்தில் கையில் வர வேண்டிய ரூபாயைப் பலர் கேட்பதே இல்லை. பறக்காத டிக்கெட்டில் அடங்கிய அரசு வரிகளையும் விமான நிலையப் பயனர் மேம்பாட்டுக் கட்டணத்தையும் நிறுவனம் திருப்பித் தர வேண்டும் என்பது சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதி. சலுகை விலை டிக்கெட்டுக்கும், அடிப்படைக் கட்டணம் திரும்பாத டிக்கெட்டுக்கும், சொல்லாமல் கொள்ளாமல் வராமல் போனவருக்கும் இது பொருந்தும். ஏஜென்ட் மூலம் வாங்கியிருந்தாலும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதே.