வீட்டிலேயே தொழிலா? மின் மீட்டரை முதலில் பாருங்கள்

குடியிருப்புத் தெரு என்பதற்காக வீட்டில் எந்தத் தொழிலும் செய்யக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் சின்னப் பெட்டிக்கடை, தையல், குடியிருப்பவரே நடத்தும் ஆலோசனை அறை போன்றவற்றை அளவோடு அனுமதிக்கின்றன. இது தெரியாததால்தான் "ரெசிடென்ஷியல் ஏரியாம்மா, இழுத்து மூடு" என்ற ஒரு அதட்டலுக்கே பலர் பயந்து பணம் கொடுக்கிறார்கள். கொடுக்காதீர்கள். எந்த விதி என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ஆனால் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளுக்கு அறைகளை நாள் வாடகைக்கு விடுவது இதில் சேராது, அது லாட்ஜ்.

பெரிய அடி மின் இணைப்பில்தான் விழுகிறது. சத்துவாச்சாரியில் ஒரு அக்கா முன்னறையில் கிரைண்டர் போட்டு மாவு விற்றார். உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு), உணவுப் பாதுகாப்புப் பதிவு இரண்டையும் லேமினேட் செய்து சுவரில் மாட்டியிருந்தார். மின்வாரியத்திலிருந்து சோதனைக்கு வந்தவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டு லைனில் வியாபாரம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். 2003 மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவின்படி உரிய கட்டணத்தில் இரண்டு மடங்கு கட்ட வேண்டும். எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்குப் போடலாம்.

முதலில் வருவது தற்காலிக மதிப்பீட்டு ஆணை. பதறிப்போய் அன்றே கட்டிவிடாதீர்கள். ஆட்சேபம் எழுதிக் கொடுங்கள், நேரில் விளக்க வாய்ப்புக் கேளுங்கள். இரண்டும் உங்கள் உரிமை. கிரைண்டர் வாங்கிய பில்லைக் காட்டி மூன்று மாதம்தான் ஆகிறது என்று நிரூபித்தால் 12 மாதம் போட முடியாது. இங்கே கோட்டை விட்டால் அப்புறம் சிரமம். மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான், அதற்கும் பாதித் தொகையை முதலில் கட்ட வேண்டும்.

குடியாத்தம் பக்கம் வீட்டில் கைத்தறி போட்டிருப்பவர்களுக்கு வீட்டுக் கட்டணமே போதும், வெளியாள் வைத்திருந்தாலும் சரி. விசைத்தறிக்கு இது பொருந்தாது.

மற்றவர்கள் தொடங்கும் முன்பே மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கட்டண மாற்றத்துக்கோ தனி இணைப்புக்கோ மனுப் போடுங்கள். "கமர்ஷியல்தான் வரும்" என்பார்கள். குடிசைத் தொழிலுக்கும் குறுந்தொழிலுக்கும் III-A என்ற பிரிவு இருக்கிறது, கடைக் கட்டணத்தைவிடக் குறைவு. நீங்களாகக் கேட்காவிட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். பொருள் உற்பத்தி செய்பவர் என்றால் உத்யம் சான்றை இணைத்துக் கேளுங்கள். (அந்தப் பதிவு இலவசம். காசு கேட்பவர் தரகர்.)

வாடகை வீடு என்றால் இணைப்பு உரிமையாளர் பெயரில் இருக்கும். சொத்து வரி ஏறும் என்று பயந்து பலர் கையெழுத்துப் போட மறுப்பார்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பேசி ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

கடைசியாகத் தொழில் உரிமம். மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் திட்ட அனுமதி கேட்பார்கள், அதற்காக நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்குப் போனால் மாநகராட்சிக்கே திருப்பி அனுப்புவார்கள். வாய்ப்பேச்சை நம்பி அலையாதீர்கள். மனுவைக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: மனு யார் மேசையில் இருக்கிறது, எந்த விதிப்படி நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று. 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.