நான்காவது ஊசி கேட்டு வருகிறவர்களுக்கு

கடந்த வாரம் என் சிகிச்சை அறைக்கு வந்த பரோட்டா மாஸ்டர், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவே இடக்கையைத்தான் பயன்படுத்தினார். வலது முழங்கையின் வெளிப்புறத்தில் இருபது காசு அளவுக்குத் தோல் வெளுத்து, லேசாகக் குழிந்திருந்தது. ஒரே இடத்தில் மூன்று முறை ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டதன் சுவடு அது. "நாலாவது ஊசிக்கு ஒரு கடிதம் மட்டும் கொடுத்துவிடுங்கள், மேடம். தீபாவளிக் கூட்டத்துக்குள் சரியாகிவிட வேண்டும்" என்றார். இந்த மாதம் இப்படிக் கேட்டவர்களில் அவர் ஐந்தாவது ஆள்.

முழங்கையின் வெளிப்புறத்தில் வரும் இந்த வலிக்கு 'டென்னிஸ் எல்போ' என்று பெயர் சொன்னால், மட்டையைத் தொட்டே அறியாத இவர்கள் சிரிக்கிறார்கள். உணவங்காடியில் மாவு வீசுகிறவர், தே தாரிக் எனும் பால் தேநீரை ஆற்றுகிறவர், கட்டுமானத் தளத்தில் கம்பி கட்டுகிறவர், வீட்டில் துடைப்புத் துணியை முறுக்கிப் பிழிகிறவர் எனப் பிடியை இறுக்கியபடியே மணிக்கட்டை ஓயாமல் வேலை வாங்கும் எவருக்கும் இது வரும்.

வலி போனால் நோயும் போயிற்று என்று எண்ணுவதுதான் என்னை மிகவும் சோர்வடையச் செய்கிறது. முன்கைத் தசையை முழங்கை எலும்போடு இணைக்கும் தசைநாண் வீங்கியிருப்பதைவிட நைந்துபோயிருப்பதே அதிகம். ஊசி வலியை அடக்குமே தவிர, நைந்ததைத் தைக்காது. வலி அடங்கிய தெம்பில் மறுநாளே பழைய வேகத்தில் வேலைக்குத் திரும்பினால், நைந்தது மேலும் நைகிறது. 2006இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில் 198 பேரை மூன்று பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஆறாவது வாரத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்களே முந்தியிருந்தார்கள். ஆனால் அப்படித் தேறியவர்களில் 72 விழுக்காட்டினருக்கு வலி திரும்பியது. ஓராண்டு முடிவில், ஊசியே போடாமல் பொறுத்திருந்தவர்களைவிடவும் அவர்கள் பின்தங்கியிருந்தார்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பின் சில நாள்கள் சர்க்கரையும் ஏறும். ஊசியே கூடாதென்று நான் சொல்லவில்லை. அடுத்தடுத்து வேண்டாம் என்கிறேன்.

நைந்த தசைநாண் தேறுவதற்கு அளவான சுமை வேண்டும். முன்கையை மேசைமேல் வைத்து, உள்ளங்கை தரையைப் பார்க்க, கையை விளிம்புக்கு வெளியே நீட்டி, அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டியைப் பிடித்துக்கொள்ளுங்கள். மறுகையால் மணிக்கட்டை மேலே தூக்கிவிட்டு, ஐந்து எண்ணும்வரை மெதுவாக இறக்குங்கள். பதினைந்து முறை செய்து, சற்று ஓய்ந்து, மீண்டும் இரு சுற்று செய்யுங்கள். சற்று வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையிலும் வலி கூடியே இருந்தால் எடையைக் குறையுங்கள். மூன்று நாள் செய்துவிட்டுப் பலனில்லை என்று வராதீர்கள். குறைந்தது பன்னிரண்டு வாரமாவது ஆகும்.

பையைத் தூக்கும்போது உள்ளங்கை மேல்நோக்கி இருக்கட்டும். முழங்கைப் பட்டையை வலிக்கும் எலும்பின் மீதே கட்டாமல், இரண்டு விரற்கடை கீழே தள்ளிக் கட்டுங்கள், உறங்கும்போது கழற்றிவிடுங்கள். தைலம் தடவுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் சுளுக்கு என்று சொல்லி அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தி உருவிவிடச் சொல்லாதீர்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனாலோ, கழுத்திலிருந்து வலி இறங்கினாலோ இது வேறு பிரச்சினையாக இருக்கலாம். பலதுறை மருந்தகத்தில் காட்டுங்கள்.

அந்த மாஸ்டருக்குக் கடிதம் எழுதத்தான் செய்தேன், அவருடைய முதலாளிக்கு. ஆறு வாரத்துக்கு மாவு வீசுவதை இன்னொருவருடன் மணிக்கொரு முறை மாற்றிக்கொள்ளவும், இடையில் அவர் கல்லாவில் இருக்கவும் அனுமதிக்க வேண்டுமென்று கேட்டிருக்கிறேன்.