படிம எரிபொருளா, அகழ் எரிபொருளா?

"சித்தி, படிமம் தமிழ்ப் பாடத்துலதானே வரும்? இங்க எதுக்கு வந்துச்சு?" என்று அக்கா மகள் கேட்டாள். பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அறிவியல் கைடில் 'படிம எரிபொருள்' என்ற சொல்லுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தாள். அன்று காலைச் செய்தியிலும் அதே சொல். இனியும் சும்மா இருக்க முடியாது என்று தோன்றியது.

நிலக்கரி, கச்சா எண்ணெய், இயற்கை எரிவாயு ஆகியவற்றுக்கான பொதுப்பெயர் இது. ஆங்கிலத்தில் ஃபாசில் ஃபியூயல். ஃபாசில் என்பதற்கு மூலம் ஃபாசிலிஸ் என்ற இலத்தீன் சொல். 'தோண்டி எடுத்தது' என்று பொருள். 1546இல் ஜெர்மானிய அறிஞர் அக்ரிகோலா 'ஃபாசில்'களைப் பற்றி எழுதியபோது உப்பும் ரத்தினமும் தாதுவும் அதில் அடக்கம். காஸ்பர் நியூமன் என்ற வேதியியலாளரின் நூல் 1759இல் ஆங்கிலமானபோதே ஃபாசில் ஃபியூயல் என்ற தொடர் வந்துவிட்டது. காட்டில் வெட்டும் விறகிலிருந்து பிரித்துக் காட்ட, மண்ணில் தோண்டும் எரிபொருள் என்றார்கள், அவ்வளவுதான். பழைய உயிர்களின் எச்சம் மட்டுமே ஃபாசில் என்ற குறுகிய பொருள் அதற்குப் பிறகுதான் நிலைத்தது.

நம்மவர்கள் பிடித்துக்கொண்டது அந்தப் பிற்காலப் பொருளை. அதையாவது ஒழுங்காகப் பிடித்தார்களா? படிமம் என்றால் உருவம், சிலை. செப்புப் படிமம் என்கிறோம். கவிதையில் மனக்கண்ணில் எழும் காட்சி படிமம். ஸ்கேன் எடுக்கும் துறை படிமவியல். இவற்றில் எது எரியும்? ஃபாசிலுக்குத் தமிழில் வழங்கும் புதைபடிவம் என்ற சொல்லிலிருந்து 'புதை'யை வெட்டி எறிந்து, படிவத்தைப் படிமமாக்கி, மிச்சத்தை எரிபொருளோடு ஒட்டியிருக்கிறார்கள். உயிர் இருந்த ஒரே இடம் அந்தப் 'புதை'தான்.

'புதைபடிவ எரிபொருள்' இதைவிட மேல். ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் கல்மரங்கள் கிடக்கின்றன. மரத்தின் இடத்தைச் சிலிக்கா பிடித்துக்கொண்டு, உருவம் அப்படியே நிற்கிறது. அதுதான் புதைபடிவம். தீ வைத்துப் பாருங்கள், எரியாது. நெய்வேலியில் வெட்டியெடுக்கும் பழுப்பு நிலக்கரி எரிகிறது, ஆனால் அதில் உருவம் அழிந்துவிட்டது. சில துண்டுகளில் மரநார் தெரியும், உண்மைதான். ஆனாலும் எரிவது அந்த உருவம் அல்ல, கரி. எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் ஏது உருவம்? கடலடியில் படிந்த நுண்ணுயிர்களும் பாசிகளும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருக்குலைந்து போனதால்தான் எண்ணெய் கிடைத்தது. உருவம் தொலைந்து உண்டான பொருளுக்கு உருவத்தை வைத்தா பெயர் வைப்பது? டைனோசர் மக்கிப் பெட்ரோல் ஆனது என்று பிள்ளைகள் நம்புவதற்கு இந்தப் பெயரும் ஒரு காரணம். (அமெரிக்காவில் சின்கிளேர் எண்ணெய் நிறுவனம் 1930களிலேயே டைனோசரைத் தன் சின்னமாக்கிக்கொண்டது. அந்த நம்பிக்கை அங்கேயும் உண்டு.)

'தொல்லுயிர் எச்ச எரிபொருள்' என்பாரும் உண்டு. பொருளில் பிழையில்லை. ஆனால் ஒரு செய்தித் தலைப்பில் அதை எழுதிவிட்டால் வேறு சொல்லுக்கு இடமிருக்காது.

நான் சொல்வது அகழ் எரிபொருள். அகழியும் அகழாய்வும் எல்லோருக்கும் தெரியும். கீழடிக்குப் பிறகு சின்னப் பிள்ளைகள்கூட அகழாய்வு என்கிறார்கள். இலத்தீன் வேரின் நேர்ப்பொருளும் இதுவே. யுரேனியத்தையும் அகழ்ந்துதானே எடுக்கிறோம் என்று ஒரு நண்பர் மடக்கினார். யுரேனியம் அணு உலையில் எரிவதில்லை, பிளக்கிறது. அதை எரிபொருள் என்பதே தளர்ந்த வழக்கு. அந்தத் தளர்ச்சிக்கு என் சொல் ஏன் பதில் சொல்ல வேண்டும்?

எனக்கு இந்தச் சொல் பிடித்ததற்கு இன்னொரு காரணம் நெடுவாசல். 2017இல் அந்தப் புதுக்கோட்டை மாவட்டத்து ஊரில் எண்ணெய், எரிவாயு எடுக்கும் திட்டத்தை எதிர்த்துப் போராடியவர்கள் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. ஹைட்ரோகார்பன் என்ற வாயில் நுழையாத சொல்லையே ஊர் முழுக்கச் சொன்னார்கள். அவர்கள் அஞ்சியது தங்கள் வயலில் விழப்போகும் துளையைப் பற்றி. 'படிமம்' அந்தத் துளையை மறைத்துவிடுகிறது. எங்கோ தானாகப் படிந்து கிடப்பதுபோல, யாரும் தோண்டாததுபோல ஒலிக்கிறது. 2023இல் துபாய் காலநிலை மாநாட்டில் இந்த எரிபொருள்களிலிருந்து விலகிச் செல்லுமாறு நாடுகளுக்கு அழைப்பு விடுத்தார்கள். அந்தச் செய்தியைப் 'படிம எரிபொருளிலிருந்து மாறுதல்' என்று படிக்கும் ஒருவருக்கு எதிலிருந்து எதற்கு மாறுவதாகப் புரியும்? மொழிபெயர்ப்பவர் எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்து, பக்கத்திலிருப்பவரிடம் புரிகிறதா என்று கேட்டாலே போதும். அந்தப் பழக்கம் அற்றுவிட்டது.

அகழ் எரிபொருள் என்பது ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. அகழ்ந்த, அகழ்கிற, அகழப்போகிற எரிபொருள் எல்லாம் அதில் அடங்கும். பிரித்தும் எழுதலாம், அகழெரிபொருள் என்று சேர்த்தும் எழுதலாம். அக்கா மகள் கைடின் ஓரத்தில் பிரித்தே எழுதிக்கொண்டாள். தேர்வில் மட்டும் புத்தகத்தில் உள்ளதையே எழுதச் சொல்லியிருக்கிறேன். மதிப்பெண் போய்விடக் கூடாது.