விக்கிபீடியாவ ஒரு டிஸ்க்குல எப்படி அடக்குறாங்க?

விக்கிபீடியால நீங்க படிக்கிற பக்கம் சர்வர்ல ஒரு ஃபைலா கிடையாது. கட்டுரையோட மூல டெக்ஸ்ட் மட்டும் டேட்டாபேஸ்ல இருக்கு, பிஹெச்பிங்கற நிரல் மொழில எழுதின மீடியாவிக்கி (விக்கிபீடியாவ ஓட்டுற சாஃப்ட்வேர்) அத எடுத்து, பல பக்கத்துல பொதுவா வர்ற வார்ப்புருவெல்லாம் விரிச்சு ஹெச்டிஎம்எல்லா மாத்தித்தான் அனுப்புது. ஒரு டிவிடில பிஹெச்பியும் ஓடாது, மைஎஸ்க்யூஎல் மாதிரி டேட்டாபேஸ் சர்வரும் ஓடாது, அதனால நெட் இல்லாத பள்ளிக்கூடத்துக்கு கொண்டுபோகணும்னா சும்மா காப்பி பண்ணா ஆகாது.

சர்வரையே டிஸ்க்குல சேர்த்து குடுக்கலாமேன்னு தோணும். ஆனா டேட்டாபேஸ் சர்வர் படிக்கிறதுக்குக் கூட லாக் (பதிவுக் குறிப்பு), டெம்பரரி டேபிள்னு எதையாவது எழுதிட்டே இருக்கும், டிஸ்க்குல எழுத முடியாது. லேப் கம்ப்யூட்டர்ல இன்ஸ்டால் பண்ற உரிமையும் பெரும்பாலும் இருக்காது. என்னக் கேட்டா அந்தப் பக்கமே போக வேணாம்.

அடுத்த வழி, எல்லா பக்கத்தையும் முன்கூட்டியே ஹெச்டிஎம்எல்லா எடுத்து வைக்கிறது. 2010ல மலையாள விக்கி ஆளுங்க 500 கட்டுரைய தேர்ந்தெடுத்து சிடி போட்டது இந்த மாதிரிதான். சைட்ட டவுன்லோட் பண்ற டபிள்யூகெட் டூல்ல மிர்ரர் (முழு நகல்) போட்டா, டிஸ்க்குல வேலை செய்யற மாதிரி லிங்க்கையும் மாத்திக் குடுத்துடும், சின்ன சைட்டுக்கு அருமையா வேலை செய்யும். தமிழ்னு வரும்போதுதான் ஃபைல் பேர்ல மாட்டுவோம். 'தமிழ்நாடு'ங்கற பேர் எழுத்துக்கு நம்பர் குடுக்கற யூனிகோட்ல 9 குறி, அத சேமிக்கிற யுடிஎஃப்-8 முறைல ஒவ்வொண்ணும் 3 பைட், அத இணைய முகவரில வர்ற மாதிரி ஒரு பைட்டுக்கு சதவீதக் குறியோட 3 எழுத்துன்னு எழுதினா மொத்தம் 81 எழுத்து, ஆனா சிடில ஃபைல் பேர் வைக்கிற ஜோலியட் முறை அனுமதிக்கிறது 64 தான்! அதனால ஃபைலுக்கு வெறும் நம்பர் பேர் வச்சிட்டு தலைப்ப பக்கத்துக்குள்ள வைக்கிறதுதான் பாதுகாப்பு.

தேடல் பெட்டி இன்னும் கஷ்டம், ஏன்னா அதுக்கு பதில் சொல்ல பின்னாடி சர்வர் எதுவும் இல்ல. எந்த வார்த்தை எந்தப் பக்கத்துல இருக்குன்னு முன்னாடியே பட்டியல் போட்டு வைக்கணும், அதையும் பிரவுசர்ல ஓடுற ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலாவே வச்சு, பக்கத்துக்குள்ள ஸ்கிரிப்ட் டேக் போட்டு கூப்பிடணும். ஏன்னா டிஸ்க்குல இருந்து திறந்த பக்கம் இன்னொரு டேட்டா ஃபைல எடுக்கப் போனா குரோம் தடுத்துடும்.

500 கட்டுரைக்கு இதெல்லாம் போதும். ஆனா தமிழ் விக்கில இப்ப ஒன்றரை லட்சத்துக்கு மேல கட்டுரை இருக்கு, அத்தனையும் தனித்தனி குட்டி ஃபைலா போட்டா காப்பி பண்றதுக்கே உயிர் போயிடும். 2004ல பெர்லின்ல இருக்கற டைரக்ட்மீடியா கம்பெனி ஜெர்மன் விக்கிபீடியாவ சிடில கொண்டுவந்தப்பவே தங்களோட சொந்த ரீடர் சாஃப்ட்வேரத்தான் கூட குடுத்தாங்க.

2007ல ஆரம்பிச்ச கிவிக்ஸும் அப்படி ஒரு ரீடர்தான், அது படிக்கிறது ஜிம் ஃபைல். மொத்த சைட்டும் ஒரே ஃபைல். கட்டுரைகள கொத்து கொத்தா சேர்த்து சுருக்கி வச்சிருப்பாங்க, ஒரே மாதிரி வார்த்தைங்க சேர்ந்து வர்றதால சைஸ் நல்லா குறையும். முகவரிப் பட்டியல் வரிசைப்படி அடுக்கியிருக்கும், அதனால பாதிப் பாதியா வெட்டிட்டே போனா 2 லட்சம் தலைப்புல ஒண்ணப் பிடிக்க 18 ஒப்பீடு போதும், அப்புறம் அந்த ஒரு கொத்த மட்டும் விரிச்சா பக்கம் வந்துடும். தேடல் பட்டியலும் பெரும்பாலும் அதே ஃபைலுக்குள்ளயே இருக்கும். டிஸ்க் டிரைவ் இல்லாத இந்தக் காலத்துல அதே ஃபைல பென்டிரைவ்லயோ மெமரி கார்டுலயோ போட்டு ஃபோன்லயே படிக்கலாம், ஆனா திருத்தம் வேணும்னா புது ஜிம் ஃபைல் வர்ற வரைக்கும் காத்திருக்கணும்.